பாட்டன் இட்ட பசளை, பேரனின் கிணற்றில்

நீரின் நலத்தைக் கண்ணாலும் நாவாலும் அறிந்துகொள்வது நமது பழைய வழக்கம். கலங்கலாயிருப்பின் தெளியவைக்கிறோம். உவர்ப்பாயிருப்பின் வேறு கிணறு தேடுகிறோம். தீநாற்றம் வீசினால் இறைத்துக் கொட்டுகிறோம். தெளிந்து குளிர்ந்து, நாவுக்கு இதமாயிருக்கும் நீரைக் கண்டாலோ, "நல்ல தண்ணீர்க் கிணறு" என்று அதற்கோர் பெயரும் இட்டு, அயலவர் எல்லோரும் குடம் கொண்டு சென்று அள்ளி வருகிறோம். இந்த அளவுகோல்கள் பயனற்றவை அல்ல. ஆயினும், இவற்றுள் எதற்கும் அகப்படாத பொருளொன்று உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, குடிநீரிற் காணும் அளவில் சுவையும் இல்லை. துணியில் வடித்தாற் சிக்காது, காய்ச்சினாற் போகாது. அதன் பெயர் நைத்திரேற்று.

இதனினும் கருதத்தக்க இயல்பொன்று அதற்கு உண்டு. அது தாமதித்து வருவது. தோட்டத்தில் இன்று இட்ட பசளையின் மிச்சம் நாளையே கிணற்றுக்கு வந்துவிடுவதில்லை. நிலத்தின் தன்மைக்கேற்ப ஓரிடத்தில் சில மாதங்கள், வேறோரிடத்தில் பத்தாண்டுகள், இன்னோரிடத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே வந்து சேர்கின்றது. ஆகவே, பசளையை இட்டவர் ஒருவர், அந்நீரைப் பருகுபவர் வேறொருவர்; சட்டத்தை இயற்றியவர் ஒருவர், அதன் பயனைக் காண்பவர் வேறொருவர். இத்தாமதத்தை உணராத அரசுகளும் மக்களும் இருமுறை ஏமாறுகின்றனர். நீர் நன்றாயிருக்கும் காலத்தில், கேடொன்றும் இல்லை என்று வாளாவிருக்கின்றனர். நீர் கெட்டபின் விழித்தெழுந்து நடவடிக்கை எடுத்தால், உடனே பயன் தெரியவில்லை என்று அதனைக் கைவிடுகின்றனர். இவ்விரு தவறுகளும் எவ்வாறு நேர்கின்றன என்பதைப் பிற நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்ந்து, பின்னர் நமது கிணறுகளையும் எட்டிப் பார்ப்போம்.

பயிரின் உணவு

நைதரசன் இன்றிப் பயிர் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசனேயாயினும், பயிர்கள் அதனை நேரே உண்ண மாட்டா. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இலைதழையையும் எருவையும் சிதைத்து, அமோனியாவாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றிக் கொடுத்தாலன்றி வேர்களுக்கு உணவில்லை. ஆட்டெரு, மாட்டெரு, குழை, பிண்ணாக்கு என நமது முன்னோர் நிலத்துக்கு அளித்தவை யாவும் இந்த நைதரசனை ஊட்டும் வழிகளேயாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பியர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து நைத்திரேற்று உப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றனர்.

ஜெர்மனியைச் சேர்ந்த பிரிற்ஸ் ஹாபர் என்னும் இரசாயன அறிஞர், காற்றிலுள்ள நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியா செய்யும் முறையை 1909 இல் செய்து காட்டினார். கார்ல் பொஷ் என்பார் அதனைப் பெருந்தொழிலாக்க, 1913 இல் ஒப்பாவு என்னுமிடத்தில் முதலாவது தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. இன்று உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் உண்ணும் உணவு இந்த முறையாற் கிடைத்த பசளையை நம்பியே விளைகின்றது. ஆதலின், பசளையைப் பழிப்பது நமது நோக்கமன்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதே இங்கு பொருந்துவது.

மிஞ்சியது எங்கே செல்கின்றது? களிமண் துணிக்கைகள் அமோனியத்தை ஓரளவு பற்றி வைத்திருக்கும். நைத்திரேற்றை அவ்வாறு பற்றுவதில்லை. அது நீரிற் கரைந்து, நீர் போன வழியே போகும் பொருள். பயிர் உண்டது போக எஞ்சியது, மழைக்காலத்தில் வேரின் எல்லையைக் கடந்து கீழே இறங்கிவிடும். இங்கே ஒன்று நினைவில் வைக்கத்தக்கது. யூரியாவிலிருந்து வந்த நைத்திரேற்றுக்கும், எருவிலிருந்து வந்ததற்கும், மலசலகூடக் குழியிலிருந்து கசிந்ததற்கும் நீரில் யாதொரு வேற்றுமையும் இல்லை. செயற்கைப் பசளையை நிறுத்திவிட்டு எருவை மலையாகக் குவித்தாலும் கிணறு கெடும்.

நீலம் பாய்ந்த குழந்தைகள்

ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலம் சோளமும் பன்றியும் மலிந்த கமநாடு. அங்கே 1945 இல் ஹன்ரர் கொம்லி என்ற வைத்தியர், அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கமக்காரர் இல்லங்களிலிருந்து கொணரப்பட்ட கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாய்ந்திருந்தது. இருதயத்திலும் நுரையீரலிலும் அதற்கேற்ற குறை காணப்படவில்லை. விசாரித்ததில், அக்குழந்தைகளுக்குப் புட்டிப்பால் கரைக்கப் பயன்பட்ட கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருந்தமை தெரியவந்தது.

காரணம் இதுவே: சிசுக்களின் இரைப்பையில் அமிலத்தன்மை குறைவாதலால், அங்கே பற்றீரியாக்கள் பெருகி, நைத்திரேற்றை நைத்திரைற்று என்னும் பொருளாக மாற்றிவிடுகின்றன. இந்த நைத்திரைற்று குருதியிற் சேர்ந்து, ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினைச் சுமக்க இயலாத மெதமோகுளோபினாக மாற்றிவிடுகின்றது. வளர்ந்தவர்களின் குருதி இம்மாற்றத்தைத் தானே திருத்திக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு அந்த ஆற்றல் போதாது. உதடும் நகமும் முதலில் நீலம் பாயும், குழந்தை சோரும், கவனியாது விட்டால் உயிருக்கே கேடு விளையும். காலத்தோடு வைத்தியசாலையிற் சேர்த்தால், மெதிலீன் நீலம் என்னும் மருந்தாற் குணப்படுத்தலாம்.

குடிநீருக்கு விதிக்கப்பட்ட எல்லை இந்தச் சிசுக்களை முன்னிட்டே எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், ஓர் இலீற்றர் நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேற்படலாகாது என்பது. இலங்கையின் குடிநீர்க் கட்டளையும் அதே அளவைக் கொண்டது. வளர்ந்தவர்களுக்கு நெடுங்காலத்தில் நேரக்கூடிய நோய்களைக் குறித்து ஆய்வுகள் பல நிகழ்ந்துள்ளன. புற்றுநோய்த் தொடர்பைப் பற்றி இன்னும் முடிந்த முடிபு எட்டப்படவில்லை. சிசுவைப் பற்றிய அபாயமோ ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

மண் மறப்பதில்லை

இனி, தாமதம் என்னும் விடயத்துக்கு வருவோம். இலண்டன் மாநகருக்கு வடக்கே ரொதாம்ஸ்ரெட் என்னுமிடத்தில், யோன் லோஸ் என்னும் நிலக்கிழாரும் கில்பேட் என்னும் இரசாயனரும் 1843 இல் தொடங்கிய விவசாயப் பரிசோதனைகள் இன்றளவும் நடைபெற்று வருகின்றன. அங்கே 1870 இல் விசித்திரமானதொரு அமைப்பை ஏற்படுத்தினர். நிலத்தைக் கிளறாமல், இருந்தவாறே மூன்று மண் கட்டிகளைச் சுற்றிலும் செங்கற் சுவர் எழுப்பிப் பிரித்து, 20, 40, 60 அங்குல ஆழங்களில் அடியில் வடியும் நீரைச் சேகரித்தனர். அந்த மண்ணிற் பயிரும் இல்லை, பசளையும் இல்லை, களையும் வளர விடப்படவில்லை. மழை மட்டுமே பெய்தது.

வடிந்த நீரிலுள்ள நைத்திரேற்றை 1877 முதல் ஏறத்தாழ 38 ஆண்டுகள் தொடர்ந்து அளந்தனர். பசளை யாதும் இடாத மண்ணாகையால் சில ஆண்டுகளில் நைத்திரேற்று அற்றுப்போகும் என்று நாம் எண்ணக்கூடும். அவ்வாறு நிகழவில்லை. ஆண்டுக்காண்டு அது கசிந்துகொண்டேயிருந்தது. குறைந்ததும் மிக மெல்லவே குறைந்தது. முற்காலத்தில் மண்ணிற் சேர்ந்த வேர், தாள், எரு முதலியவற்றின் எச்சத்தை நுண்ணுயிர்கள் சிறிது சிறிதாகச் சிதைத்துக்கொண்டிருந்தமையே காரணம். மண் ஒரு சேமிப்புப் பெட்டகம். அதில் இட்ட முதலைத் திரும்பப் பெற ஒரு தலைமுறையும் போதாது.

இந்தப் பாடத்தின் பொருள் இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னரே துலங்கிற்று. யுத்த காலத்திலே, கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட, உணவுக்குத் தவித்த பிரித்தானியா, நூற்றாண்டுக் கணக்காகப் புல் வளர்ந்து கிடந்த பெரும் பரப்புகளை உழுது தானியம் விதைத்தது. பழம்புல்லின் வேர்கள் அழுகின. அவற்றிற் கட்டுண்டிருந்த நைதரசன் நைத்திரேற்றாக விடுபட்டது. யுத்தம் முடிந்தபின் மலிவான செயற்கைப் பசளை வந்தது. ஆண்டுக்காண்டு அதன் அளவு பெருகி, 1980 களில் உச்சத்தை அடைந்தது. விளைச்சல் பெருகிற்று, பஞ்சம் என்ற சொல் மறைந்தது. அக்காலத்தில் கிணறுகளை அளந்தவர்கள் பெரும்பாலானவற்றில் அஞ்சத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை.

குண்டு காட்டிய கடிகாரம்

தென்கிழக்கு இங்கிலாந்தின் குடிநீரிற் பெரும்பங்கு நிலத்தடியிலிருந்து பெறப்படுவது. அதனைத் தாங்கி நிற்பது வெண்கட்டிப் பாறை. வெண்மையும் மென்மையும் உடைய இச்சுண்ணக்கல் ஒரு பஞ்சு போன்றது. எண்ணிறந்த நுண்துளைகள் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். இடையிடையே வெடிப்புகளும் உண்டு. மழை நீர் அந்த வெடிப்புகளின் வழியே விரைந்து சென்று நிலத்தடி நீரை அடைந்துவிடும் என்றே பலர் எண்ணியிருந்தனர்.

இதனைச் சோதிக்கும் கடிகாரம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. வல்லரசுகள் 1950 களிலும் 1960 களின் தொடக்கத்திலும் ஆகாயத்தில் வெடித்த ஐதரசன் குண்டுகளால், திரித்தியம் என்னும் கதிரியக்க ஐதரசன் உலகெங்கும் மழை நீரிற் கலந்தது. வளிமண்டலப் பரிசோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தான 1963 ஆம் ஆண்டிலேயே அது மழையில் உச்சமாயிருந்தது. ஆகவே, பாறையைத் துளைத்து, எந்த ஆழத்திலுள்ள நீரில் திரித்தியம் மிகுந்துள்ளது என்று கண்டால், 1963 இல் பெய்த மழை எவ்வளவு தூரம் இறங்கியுள்ளது என்பது தெரிந்துவிடும்.

பேர்க்சயர் பகுதியிலே சில ஆண்டுகளின் பின் துளையிட்டுப் பார்த்தனர். முடிபு 1970 இல் வெளியாயிற்று. அந்த மழை சில மீற்றர் ஆழத்தையே அடைந்திருந்தது! நீரின் பெரும்பகுதி வெடிப்புகளில் ஓடாமல், நுண்துளைகளின் வழியே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 மீற்றர் வேகத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தது. நத்தையும் வெட்கும் வேகம் இது.

கணக்குப் பார்ப்போம். நிலத்தடி நீர் 40 மீற்றர் ஆழத்தில் இருப்பின், இன்று பெய்த மழை அதனை அடைய ஏறத்தாழ 40 ஆண்டுகள் செல்லும். அந்த நீரோடு இறங்கும் நைத்திரேற்றுக்கும் அவ்வாறே. அதன் பின் 1970 களிற் பயிர் நிலங்களின் கீழே பாறையைத் துளைத்தபோது, மேலடுக்குகளின் நுண்துளை நீரில் நைத்திரேற்று மிகுந்து நிற்பதையும், பசளை இடாத பழம்புல் நிலங்களின் கீழே அது குறைந்திருப்பதையும் கண்டனர். கிணற்று நீர் நன்றாயிருந்தது, பசளை தீங்கு செய்யாமையால் அன்று. அது இன்னும் வழியிலேயே இருந்தமையால். பிரித்தானிய அறிஞர்கள் இதனை "நைத்திரேற்றுக் காலக்குண்டு" என்று குறித்தனர்.

சட்டம் வந்தது, நீர் மாறவில்லை

ஐரோப்பிய நாடுகள் 1980 இல் குடிநீருக்கு 50 மில்லிகிராம் எல்லையை விதித்தன. பிரித்தானியா 1990 இல் சில பகுதிகளைத் தெரிந்தெடுத்து, பசளையைக் குறைக்க இசைந்த கமக்காரருக்குக் கொடுப்பனவு வழங்கியது. 1991 இல் ஐரோப்பிய நைத்திரேற்றுப் பணிப்புரை வந்தது. அதன்படி 1996 முதல் இங்கிலாந்தில் தாக்கத்துக்குள்ளாகும் வலயங்கள் வகுக்கப்பட்டன. எந்த மாதத்திற் பசளை இடலாகாது, ஒரு நிலத்துக்கு எவ்வளவு எரு இடலாம், சாணத்தை எவ்வாறு சேமித்தல் வேண்டும் என்றெல்லாம் விதிகள் எழுந்தன. கமக்காரரும் பசளையைக் குறைத்தனர்.

ஆயினும் நீரோ? வெண்கட்டிப் பாறையிலுள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று மேலும் ஏறிக்கொண்டேயிருந்தது. 1960 களிலும் 1970 களிலும் இட்ட பசளையின் மிச்சம் அப்போதுதான் நீர்மட்டத்தை எட்டிக்கொண்டிருந்தது. "நாங்கள் செலவையும் நட்டத்தையும் ஏற்றுப் பசளையைக் குறைத்தோம், பயன் எங்கே?" என்று ஒரு சாரார் கேட்பது இயல்பு. "விதிகள் போதா, இன்னும் கடுமையாக்குக" என்று மறு சாரார் கூறுவதும் இயல்பு. இரு சாராரும் பார்த்தது ஒரே கிணற்றை. அந்தக் கிணறு காட்டியதோ தமது காலத்தையன்று, தம் தந்தையரின் காலத்தை.

இதற்கிடையில், நீர் வழங்குவோர் வாளாவிருக்க இயலாது. நைத்திரேற்று மிகுந்த நீரோடு குறைந்த நீரைக் கலந்தும், அயன் பரிமாற்றப் பொறிகளால் அதனை அகற்றியும், சில கிணறுகளை மூடியும் எல்லைக்குள் நிறுத்துகின்றனர். அச்செலவு இல்லங்களின் நீர்க் கட்டணத்திற் சேர்கின்றது. ஆக, பாட்டன் மலிவாக வாங்கிய பசளையின் மறுபாதி விலையைப் பேரன் செலுத்துகிறான்.

இது இங்கிலாந்தின் தனிக்கதை அன்று. மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் இடைப்பட்ட பாறை அடுக்குகளில் உலகெங்கும் தேங்கியுள்ள நைத்திரேற்றின் அளவு 60 கோடி முதல் 181 கோடி தொன் வரை இருக்கலாம் என்று 2017 இல் பிரித்தானிய ஆய்வாளர் கணித்தனர். அமெரிக்காவின் மிசிசிப்பி நதி கொணரும் நைத்திரேற்றால், மெக்சிக்கோ வளைகுடாவில் ஆண்டுதோறும் கோடையில் ஒட்சிசன் அற்ற கடற்பரப்பு தோன்றுகின்றது. அதனை 5,000 சதுர கிலோமீற்றராக 2015 க்குள் சுருக்குவதென 2001 இல் இலக்கு வகுத்தனர், எட்டவில்லை, தவணை 2035 க்குத் தள்ளப்பட்டது. கமங்களிலிருந்து இனி ஒரு துளி நைதரசனும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், நிலத்தில் முன்னரே சேர்ந்ததன் காரணமாக அந்த இலக்கை எட்டப் பல பத்தாண்டுகள் செல்லும் என்று 2018 இல் ஆய்வாளர் எடுத்துக் காட்டினர்.

டென்மார்க் கற்றுத் தந்தது

அப்படியாயின் முயற்சி யாவும் வீணா? அன்று. டென்மார்க் நாட்டின் அனுபவம் நமக்கு நம்பிக்கை அளிப்பது. 1986 இல் கட்டகாட் கடலிலே, ஒட்சிசன் அற்று இறந்த சிங்கி இறால்கள் வலையில் வந்த காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்டு அந்நாடு திடுக்குற்றது. மறுவருடமே பாராளுமன்றம் நீர்ச் சூழற் திட்டமொன்றை நிறைவேற்றி, நைதரசன் கழிவைப் பாதியாகக் குறைக்கத் தீர்மானித்தது. ஒவ்வொரு கமக்காரரும் பசளைக் கணக்கு எழுதலாயினர்.

அந்நாட்டு அறிஞர் இன்னொரு நற்காரியமும் செய்தனர். கிணற்று நீரில் எவ்வளவு நைத்திரேற்று உண்டு என்பதோடு நில்லாமல், அந்நீரின் வயது என்ன என்றும் கேட்டனர். குளிர்சாதனப் பெட்டிகளிற் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயுக்களின் அளவு காற்றில் ஆண்டுக்காண்டு ஏறிவந்தது தெரிந்ததே. மழை நீரில் அது அணுவளவு கரைந்திருக்கும். அதனை அளந்தால், அந்நீர் எந்த ஆண்டில் மண்ணிற் புகுந்தது என்று கணிக்கலாம். இவ்வாறு ஒவ்வொரு நீரையும் அதன் பிறந்த ஆண்டோடு பொருத்திப் பார்த்தபோது, உண்மை வெளியாயிற்று. ஏறத்தாழ 1980 வரை நிலத்துட் புகுந்த நீரில் நைத்திரேற்று ஏறிச் சென்றது. அதன் பின்னர் புகுந்த இளைய நீரிலோ அது இறங்கத் தொடங்கியிருந்தது. நிலத்தில் வீணே மிஞ்சிய நைதரசன் குறைந்தபோது, நீரும் அதற்கேற்ப நலம் பெறலாயிற்று. இம்முடிபு 2011 இல் வெளியிடப்பட்டது.

டென்மார்க்கின் துன்பம் முற்றும் தீர்ந்துவிட்டதென்று கூற இயலாது. எல்லையை மீறிய கிணறுகள் அங்கே இன்னும் உண்டு. ஆயினும், கிணற்றை மட்டும் பார்த்துச் சட்டத்தை எடைபோடலாகாது, நீரின் வயதையும் சேர்த்தே எடைபோடல் வேண்டும் என்ற உண்மையை அந்நாடு உலகுக்குக் கற்பித்தது. மாங்கன்று நட்டவன் மறுநாள் பழம் இல்லையென்று அதனை வெட்டுவதில்லை அல்லவா?

நமது சுண்ணக்கல்

இங்கிலாந்தின் கதை நமக்கு எட்டாத கதை அன்று. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணக்கல்லின் மீதே அமைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். மாரி மழையைச் சுண்ணக்கல் உறிஞ்சி, கீழேயுள்ள உவர் நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தாங்கி வைத்திருக்கின்றது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்தது அந்த ஒரு படையையே.

துலா இருந்த இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. 1970 களில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வலிகாமத்துச் செம்மண் பொன் விளையும் பூமியாயிற்று. கமக்காரர் ஓய்வின்றி உழைத்தனர், பிள்ளைகள் கற்றனர், வீடுகள் எழுந்தன. எருவும் செயற்கைப் பசளையும் தாராளமாக இடப்பட்டன. 1980 களிலேயே ஆய்வாளர்கள், தோட்டங்கள் செறிந்த பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று எல்லையைத் தாண்டியுள்ளதெனப் பதிவு செய்தனர். பின்வந்த ஆய்வுகளும் அவ்வாறே கண்டன. அந்தக் காலத்திலேயே தொடர்ச்சியான திட்டமொன்று வகுக்கப்பட்டிருப்பின் இன்று அதன் பயனைக் கண்டிருப்போம். யுத்தமும் இடப்பெயர்வும் அதற்கு இடந்தரவில்லை.

நமது நிலத்தில் நீர்மட்டம் இங்கிலாந்தின் வெண்கட்டி மேடுகளிற் போல ஆழத்தில் இல்லை. பல இடங்களில் சில மீற்றர் தோண்டினாலே நீர் தெரியும். சுண்ணக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் மிகுதி. ஆகவே வழிப்பயணத்தின் தாமதம் இங்கே குறைவு. கேடு விரைவாகவே வரும். ஆனால் வந்தது போவதற்கோ தாமதம் உண்டு. மண்ணின் சேமிப்பு ஒருபுறம் கசிந்துகொண்டிருக்கும். மறுபுறம், கிணற்று நீரை இறைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்ச, நீரின் ஒரு பகுதி வெயிலில் ஆவியாக, நைத்திரேற்று மட்டும் எஞ்சி மீண்டும் கிணற்றுக்கே இறங்குகின்றது. இதனோடு, நெருங்கிய குடியிருப்புகளில் அடைப்பில்லாத மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன.

2021 ஆம் ஆண்டு மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதி நாடெங்கும் முற்றாகத் தடைசெய்யப்பட்டதையும், விளைச்சல் வீழ்ந்து கமக்காரர் வீதிக்கு வந்தபின் அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதையும் எவரும் மறந்திரார். உடல்நலமும் நீர்வளமும் அத்தடைக்குக் கூறப்பட்ட காரணங்களுள் அடங்கும். நோக்கம் எதுவாயினும், ஒரு போகத்துத் தடையினால் நெடுங்காலம் கெட்ட கிணறு திருந்துவதில்லை. பசளையை ஒரே நாளில் நிறுத்துவதும், மறுநாள் மீண்டும் தாராளமாக இடுவதும் ஒன்றுக்கொன்று மருந்தல்ல. ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக, பயிருக்கு வேண்டிய அளவுக்கு இறக்கி வருவதும், அரசு மாறினும் அக்கொள்கை மாறாதிருப்பதுமே பயன் தரும். தாளையடியில் 2024 இல் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டமை நல்லதே. எனினும் குழாய் நீர் வந்துவிட்டதென்று கிணற்றைக் கைவிடுவது பேதைமை. தோட்டமும் குடிநீரும் இன்னும் பெரிதும் கிணற்றையே நம்பி நிற்கின்றன.

இல்லத்தார் செய்யத்தக்கவை

முதலாவதாக, தாய்மார் அறியவேண்டியது. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். தாய் பருகும் நீரிலுள்ள நைத்திரேற்று பாலில் மிகுதியாகச் சேர்வதில்லை. புட்டிப்பால் கொடுக்க நேரின், அதற்குப் பயன்படும் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். நீரைக் காய்ச்சுவது கிருமிகளைக் கொல்லும். ஆகவே அது வேண்டிய பழக்கமே. ஆயினும் நைத்திரேற்றை அது அகற்றாது. நெடுநேரம் கொதிக்க வைத்தால் நீர் வற்றி, நைத்திரேற்றின் செறிவு கூடவே செய்யும். எல்லைக்கு மேற்பட்டதெனத் தெரிந்தால், சிசுவுக்கு வேறு நீரைப் பெறுவதே வழி. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும் பரிசோதனை குறித்து விசாரிக்கலாம். ஒருமுறை பார்த்ததோடு நில்லாது, மாரிக்கு முன்னும் பின்னும் பார்த்து, முடிபுகளைத் திகதியிட்டு ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் நன்று. பத்தாண்டுக் குறிப்பு, எந்த நிபுணரின் சொற்பொழிவினும் மேலான சாட்சியாகும்.

இரண்டாவதாக, தோட்டம் செய்வோர். பசளையை ஒரே தடவையிற் கொட்டாமல், பயிர் உண்ணும் பருவமறிந்து பிரித்து இடுக. பெருமழைக்கு முன் இடற்க. இட்டபின் அளவுக்கு மீறி இறைத்தால் பசளை வேரைத் தாண்டிச் செல்லும். எரு இட்ட நிலத்துக்கு அவ்வெருவிலுள்ள நைதரசனையும் கணக்கிற் சேர்த்து, பசளையைக் குறைக்கலாம். கிணற்று நீரிலேயே நைத்திரேற்று மிகுந்திருப்பின் அதுவும் ஒரு பசளையே. அந்த அளவுக்கு யூரியாவைக் குறைத்தால் பணமும் மிஞ்சும், கிணறும் தேறும். கிணற்றடியில் எருக்குவியலும் மாட்டுக்கொட்டிலும் வேண்டா. மலசலகூடக் குழியைக் கிணற்றுக்கு எட்ட அமைத்து, அடைப்பும் சீராக இருக்கச் செய்தல் அவசியம்.

மூன்றாவதாக, நாம் அனைவரும் ஆட்சியாளரிடம் கேட்கத்தக்கது. அடுத்த தேர்தலுக்குள் நீரைத் தூய்மையாக்குவோம் என்று எவரேனும் கூறினால் அவரை நம்பற்க. குறித்த சில கிணறுகளை ஆண்டுதோறும் தவறாது அளந்து, முடிபுகளை யாவரும் காண வெளியிடுங்கள் என்று கேட்க வேண்டும். நடவடிக்கை தொடங்கியபின் முதற் சில ஆண்டுகளில் எண்கள் இறங்காமற் போகலாம், ஏறவும் கூடும். அதனைத் தோல்வி என்று கருதிக் கைவிடாத பொறுமை நமக்கும் வேண்டும்.

நமது முன்னோர் பனங்கொட்டை நட்டபோது, அதன் பயனைத் தாம் துய்ப்போம் என்று எண்ணி நட்டாரல்லர். நீரைக் காக்கும் தொழிலும் அத்தகையதே. இன்று நாம் அள்ளிப் பருகுவது நமக்கு முன்னிருந்தோர் செய்த நன்மையும் தீமையும் கலந்த நீர். அதனை மாற்ற நம்மால் இயலாது. நாளை பிறக்கும் குழந்தைக்குப் புட்டியிற் கரைக்கப்படும் நீர் எத்தகையதாயிருக்கும் என்பதோ, இந்த மாரிக்கு முன் நமது தோட்டத்தில் நாம் எத்தனை பிடி பசளை இடுகிறோம் என்பதிலேயே தங்கியிருக்கின்றது.